விரால் குட்டையில் விழுங்கிய முள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் தாண்டிக் குப்பனூர் போகும் பக்கம், ஏற்காடு மலையின் அடிவாரத்தில், ஒரு விவசாயி இருபது சென்ட் குட்டையில் விரால் வளர்க்கிறார். மிதக்கும் தீவனம் போட்டு, கொக்கு இறங்காமல் மேலே வலை கட்டி, ஒரு கிலோ வந்ததும் பிடித்து விற்பதுதான் தொழில். தீவனச் செலவு கையைக் கடித்தபோது அவருடைய மருமகன் ஒரு யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் போட ஆட்களை விடுவது. ஒரு தூண்டில் கம்புக்கு இருநூறு ரூபாய். முக்கால் கிலோவுக்கு மேல் இருந்தால் எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம், குறைவாக இருந்தால் குட்டைக்கே திரும்பப் போக வேண்டும்.

வழக்கமாக வருகிறவர்கள் ஆறேழு பேர். நானும் அதில் ஒருவன். மேட்டூர், பூலாம்பட்டி என்று காவிரிக் கரையில் சிறு வயதிலிருந்து தூண்டில் பிடித்துப் பழகியவர்கள்தான் எல்லோரும். பிடித்ததைக் குழம்பு வைத்துத் தின்றுதான் எங்களுக்குப் பழக்கம். பிடித்த மீனைத் திரும்ப விடுவது என்பது இந்தக் குட்டைக்கு வந்த பிறகுதான் எங்களில் பலருக்குப் பழக்கமானது. அப்போது இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

டிசம்பரில் கண்டது

டிசம்பர் முதல் வாரத்தில் நான்கு மீன் செத்து மிதந்தன. அடுத்த வாரம் மூன்று, அதற்கடுத்த வாரம் ஐந்து. எல்லாம் அரைக் கிலோவிலிருந்து அறுநூறு கிராமுக்குள். விரால் விற்கிற விலைக்கு, வாரம் இரண்டு கிலோ போவது ஒரு சின்னக் குட்டைக்காரருக்குச் சின்ன நஷ்டம் இல்லை.

அவருக்கு முதலில் வந்த பயம் புண்நோய். அதில் தப்பில்லை. 1988இல் இந்தியாவுக்குள் வந்த அந்த நோய் விராலை ரொம்பச் சுலபமாகப் பிடிக்கும், குளிர் மாதங்களில்தான் தலைகாட்டும். அடிவாரத்தில் மார்கழிக் காலை நல்ல குளிர். ஆகவே சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார், கல் உப்பு போட்டார். சாவு நிற்கவில்லை.

இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்தின. முதலாவது, செத்த மீன்களின் உடம்பில் புண் எதுவும் இல்லை. செதில் பளபளவென்று இருந்தது. இரண்டாவது, செத்த கிழமை. முதல் வாரத்தில் திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் ஒன்று. வெள்ளி, சனியில் ஒன்றுகூட இல்லை. நோய்க்குக் கிழமை தெரியாது. தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்குமோ என்றும் ஒருவர் கேட்டார். விரால் மேலே வந்து காற்றைக் குடித்து வாழும் மீன். குளத்துத் தண்ணீர் சேறாகிற வரைக்கும் தாக்குப் பிடிக்கிற ஜாதி அது. அதனால் அந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை.

“ஞாயித்துக்கிழமை வர்றவங்க எதாச்சும் போடறாங்களாண்ணா?” என்று குட்டைக்காரர் என்னிடம் தனியாகக் கேட்டார். விஷம், மருந்து என்ற அர்த்தத்தில்தான் கேட்டார். நாங்கள் போட்டது தூண்டில் முள் மட்டும்தான்.

மீனைப் பிளந்து பார்த்தது

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மிதந்த மீனை எடுத்து, கிணற்று மேட்டுத் துவைகல்லில் வைத்துத் தாடைக்குக் கீழிருந்து அறுத்தேன். மீன் சுத்தம் செய்கிறவர்களுக்குத் தெரியும், செவுளுக்குப் பின்னால், தொண்டைக்கு நேர் கீழே, சின்னதாக அடர் சிவப்பில் ஒரு குண்டு இருக்கும். அதுதான் இதயம். அதைச் சுற்றி முழுக்க ரத்தம் உறைந்து கறுப்பாகக் கிடந்தது. தொண்டைச் சுவரில் ஒரு கிழிசல், சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு. முள் இல்லை. யாரோ மூக்கு நீண்ட கொறடு விட்டு, முறுக்கி, பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் மீனைத் தண்ணீரில் விட்டபோது அது வாலை அடித்துக்கொண்டு ஓடியிருக்கும். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்திருப்பார். அந்த ஆள் நானாகவும் இருக்கலாம்.

அடுத்த நாள் கிடைத்த இன்னொரு மீனில் முள்ளே இருந்தது. தொண்டையைத் தாண்டி, இரைப்பைக்குள் இறங்கும் இடத்தில், முதுகுப் பக்கம் பார்த்துக் குத்தி நின்றது. நரம்பு, அதாவது தூண்டில் இழை, வாயோரம் அறுந்திருந்தது.

இதற்குப் பிறகுதான் நாங்கள் எப்படித் தூண்டில் போடுகிறோம் என்று நின்று பார்த்தேன். எல்லோரிடமும் இருந்தது ஜே வடிவ முள், 2ஆம் எண். இரை மண்புழுக் கொத்து அல்லது கோழிக்குடல். மூன்று பேர் கம்பைக் கவட்டையில் ஊன்றிவிட்டு வேப்ப மரத்தடியில் பேசிக்கொண்டிருப்பார்கள். தக்கை போனால் ஓடி வருவார்கள். கையில் பிடித்திருந்தவர்களும் உடனே இழுப்பதில்லை. விராலுக்கு ஒரு பழைய விதி உண்டு. கவ்வியதும் பத்து எண்ணு, அப்புறம் சுண்டு. விரால் இரையைச் சட்டென்று கவ்வி, ஓரமாகக் கொண்டுபோய், வாயில் திருப்பி விழுங்கும். அவசரப்பட்டுச் சுண்டினால் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே பொறுத்திரு என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னது.

அந்த விதியில் பிழை இல்லை. குழம்புக்குப் பிடிப்பவனுக்கு மீன் முள்ளை விழுங்குவதுதான் வேண்டியது, விழுங்கினால்தான் தப்பாது. எங்கள் முள், எங்கள் இரை, எங்கள் பொறுமை எல்லாமே மீன் திரும்பிப் போகாமல் இருக்க உருவானவை. அவற்றை வைத்துக்கொண்டு மீனைத் திருப்பி விட முயன்றுகொண்டிருந்தோம்.

முதல் முயற்சி: சின்ன முள்

எங்கள் முதல் முடிவு தவறு. முள் பெரிதாக இருப்பதால்தான் காயம் பெரிதாகிறது என்று ஒருவர் சொன்னார், கேட்க நியாயமாக இருந்தது. 2ஆம் எண்ணிலிருந்து 8ஆம் எண்ணுக்கு இறங்கினோம். முள்ளில் எண் கூடக்கூட அளவு சிறுக்கும். 1க்கு அப்புறம் 1/0, 2/0 என்று மறுபடி பெருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் இதில் ஏமாறுவதுண்டு.

அந்த ஞாயிறு முதல்முறையாக நோட்டு போட்டு எழுதினேன். திரும்ப விட்ட மீன் பதினொன்று. அதில் ஏழில் முள் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியவில்லை. வியாழக்கிழமைக்குள் ஆறு செத்தன.

யோசித்தால் காரணம் எளிது. விராலுக்கு வாய் அகலம். அரைக் கிலோ மீன் வாயில் என் இரண்டு விரல் தாராளமாகப் போகும். அவ்வளவு பெரிய வாய்க்குள் பொடி முள் எங்கும் தடுக்காமல் நேரே உள்ளே போகிறது. பெரிய முள் கொஞ்சமாவது உதட்டில், நாக்கில் இடிபடும். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் பொருந்துகிற அளவை விராலுக்குக் கொண்டுவந்தது எங்கள் தவறு.

வின்னிபெக்கிலிருந்து வந்த பேச்சு

என் அக்கா மகன் கனடாவில், மனிடோபா மாகாணத்தில் வின்னிபெக் நகரத்தில் இருக்கிறான். குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டான். வீடியோவில் பேசும்போது இந்தக் கதையைச் சொன்னேன். “மாமா, இங்கயும் இதே தொல்லைதான்” என்றான்.

பனி மேல் இரண்டு விதமாகப் பிடிப்பார்களாம். சின்னக் கம்பைக் கையில் பிடித்துத் துளைக்கு மேல் உட்கார்ந்து இரையை ஆட்டிக்கொண்டே இருப்பது ஒன்று. மீன் தொட்டதும் கைக்குத் தெரியும், பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும். இன்னொன்று, துளை மேல் ஒரு சட்டத்தை வைத்து இரையை இறக்கிவிட்டுத் தள்ளிப் போய்விடுவது. மீன் இழுத்தால் சின்னக் கொடி ஒன்று எழும்பி நிற்கும். கொடியைப் பார்த்து, கனத்த பூட்ஸோடு பனியில் நடந்து வருவதற்குள் மீன் விழுங்கி முடித்திருக்கும். எங்கள் கவட்டையும் வேப்ப மரத்தடியும் அங்கே பனியில் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் சொன்ன இன்னொரு தகவல் எனக்கு வியப்பாக இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில், பனித் துளை வழியாகப் பிடித்த பைக் (pike) என்ற நன்னீர் மீன்களை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. செத்த மீன் இரைக்குள் செருகி வைக்கிற பெரிய ஒற்றை முள்ளில் சிக்கியவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்தன. மூன்று நுனி கொண்ட முள்ளில் சிக்கியவற்றில் 1 சதவீதம்கூடச் சாகவில்லை. பார்த்தால் கொடூரமாக இருப்பது மூன்று நுனி முள்தான். ஆனால் ஒற்றை முள் மீன் விழுங்கட்டும் என்று காத்திருந்து பிடிப்பது, அதனால் உள்ளே போய்க் குத்துகிறது. எத்தனை நுனி என்பதைவிட எந்த இடத்தில் குத்துகிறது என்பதே மீனின் உயிரைத் தீர்மானிக்கிறது.

அக்கா மகன் இருக்கும் மனிடோபாவில், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் துருத்தும் செதுக்கு இல்லாத முள்ளைத்தான் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. செதுக்குள்ள முள்ளாக இருந்தால் கொறடால் அமுக்கி மழுக்கிவிட வேண்டும்.

பனிக்கட்டி ஏரியின் மற்ற தொல்லைகள் நமக்கில்லை. வெளியே தூக்கிய மீனின் செவுள் குளிரில் உறைந்துபோகும் என்பதால் அவர்கள் துளை ஓரத்திலேயே வேலையை முடித்துத் தண்ணீரில் விடுவார்களாம். எங்களுக்கு அதற்கு எதிர்த் தொல்லை: பங்குனி வெயிலில் காய்ந்த கரைப் பாறை.

எடுத்த முடிவுகள்

பொங்கல் முடிந்த வாரம் குட்டைக்காரர், அவர் மருமகன், நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசினோம்.

வட்ட முள்ளுக்கு மாறுவது என்பது முதல் முடிவு. கடலில் சூரை பிடிக்கும் நீளத் தூண்டில்காரர்களுக்குப் பழகிய பொருள் இது. ஜே முள்ளின் நுனி தண்டுக்கு இணையாக மேலே பார்க்கும். வட்ட முள்ளின் நுனி உட்பக்கம் வளைந்து தண்டையே பார்க்கும். மீன் விழுங்கினாலும், நரம்பை நிதானமாக இழுக்கும்போது அது தொண்டைச் சதையில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. தாடை மூலைக்கு வந்ததும் அந்த விளிம்பில் திரும்பி மாட்டிக்கொள்கிறது. வாங்கும்போது ஒன்று பார்க்க வேண்டும். முள்ளை மேசையில் படுக்க வைத்தால் முழுவதும் தட்டையாகக் கிடக்க வேண்டும். நுனி பக்கவாட்டில் கோணியிருந்தால் அது வட்ட முள்ளாக இருந்தும் உள்ளே குத்தும். எங்களில் ஒருவர் முதலில் வாங்கி வந்த பொட்டலம் அப்படிக் கோணியதுதான், திருப்பிக் கொடுத்தோம். அளவு 1/0. எதிர்ச்செதுக்கைக் கொறடால் அமுக்கிவிடுவது. துருப்பிடிக்காத எஃகு முள் கூடாது, சாதா முள்தான். ஒருவேளை உள்ளே தங்கிவிட்டால் நாளடைவில் அரித்துப்போக வேண்டும்.

கம்பை ஊன்றி வைப்பது தடை. கையில்தான்.

இரையைச் சிறுக்குவது. புழுக் கொத்தை உருண்டையாக முள் முழுக்கக் கோத்தால் வளைவுக்கும் நுனிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அடைந்துவிடும். வட்ட முள் வேலை செய்வது அந்த இடைவெளியால்தான். ஒரு புழு, இல்லையென்றால் கட்டைவிரல் நகம் அளவு குடல், மேலோட்டமாகக் குத்தி, நுனி வெளியே தெரிய.

விழுங்கிய மீனை என்ன செய்வது என்பதில்தான் நீண்ட நேரம் போனது. முள்ளைப் பிடுங்காதே, வாயோரம் நரம்பை வெட்டிவிடு, மீனே சமாளித்துக்கொள்ளும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வழி. பிடுங்குவதைவிட அதில் பிழைக்கிற மீன்கள் அதிகம் என்பதும் உண்மை. நானும் அதைத்தான் சொன்னேன். குட்டைக்காரர் தலையை ஆட்டிவிட்டார். “அந்த மீனை நாலு மாசம் கழிச்சு நான்தாண்ணா விக்கணும். வாங்கிட்டுப் போற அம்மா வீட்டுல அறுக்கறப்போ முள்ளு வந்தா? ஒரு குழந்தை வாயில போனா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆற்றிலும் ஏரியிலும் சரியாக இருக்கிற வழி, விற்பனைக்கு வளர்க்கும் குட்டையில் சரிப்படாது.

கடைசியில் மருமகன் சொன்னதை ஏற்றோம். நாக்கைத் தாண்டி முள் போயிருந்தால் அந்த மீன் திரும்பக் குட்டைக்குப் போகாது. எத்தனை கிராம் ஆனாலும் பிடித்தவர் எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். “முள்ளை விழுங்கின மீனு புடிச்சவருக்கே” என்று கொட்டகைத் தூணில் கரியால் எழுதிவிட்டார்.

முதல் இரண்டு ஞாயிறு

மோசம். முன்பெல்லாம் நல்ல நாளில் எல்லோருமாக இருபது மீன் வரை கரையேற்றுவோம். வட்ட முள் போட்ட முதல் ஞாயிறு ஐந்து, அடுத்ததில் ஏழு. தக்கை போகும், சுண்டுவோம், முள் வெறுமனே பறந்து வரும். தொண்டையில் குத்தாமல் வழுக்கி வருகிற அதே வடிவம், சுண்டினால் தாடை மூலையிலும் மாட்டாமல் வழுக்கி வந்துவிடுகிறது. சுண்டக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. ஆனால் நாற்பது வருடமாகச் சுண்டிய மணிக்கட்டு காது கேட்பதில்லை. என்னுடையதும்தான்.

எங்களில் மூத்தவர் ஒருவர் முள்ளைக் கழற்றிக் குட்டைக்காரர் கையில் கொடுத்துவிட்டார். “இது மீன் புடிக்கிற முள்ளு இல்ல சாமி, மீனுக்குத் தீனி போடற முள்ளு” என்றார். அப்புறம் சில வாரம் வரவில்லை.

திருப்பம் நாங்கள் எதிர்பார்க்காத ஆளிடமிருந்து வந்தது. அந்த மூத்தவரைக் காரில் கூட்டிவந்து விடும் ஓட்டுநர், வாழ்க்கையில் தூண்டில் தொட்டதில்லை. மூத்தவர் வராத வாரங்களில் வேறொருவரைக் கூட்டிவந்த அந்த ஓட்டுநர், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு கம்பை வாங்கிக்கொண்டார். தக்கை அமிழ்ந்ததும் பயந்துபோய், “ஏங்க, இழுக்குதுங்க, என்ன பண்றது?” என்று எங்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கம்பைத் தூக்கி, ரீலைச் சுற்றிக்கொண்டே நின்றார். மீன் வந்தது. தாடையின் இடது மூலையில், உதட்டு மடிப்பில், அளந்து வைத்ததுபோல முள். கொறடுகூட வேண்டியிருக்கவில்லை. முள்ளின் தண்டைப் பிடித்து ஒரு திருப்பு, கழன்றது. ரத்தம் ஒரு துளி இல்லை. காலைக்குள் இன்னும் மூன்று பிடித்தார், மூன்றும் அதே மூலை.

அதைப் பார்த்த பிறகு வாய் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கம்பின் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, நரம்பு இறுகும்வரை சுற்றுவது, மீனின் பாரம் கைக்கு வந்ததும் தூக்குவது. நான் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பழகினேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

பின் நடந்தது

அதற்கடுத்த ஆறு ஞாயிறுகளில் நாற்பத்தொரு மீன். நாக்கைத் தாண்டி முள் போனது நான்கில். நான்கையும் பிடித்தவர்களே காசு கொடுத்து எடுத்துப்போனார்கள். ஆறு வாரத்தில் செத்து மிதந்தது இரண்டு. அதில் ஒன்றின் வயிற்றில் பழைய 8ஆம் எண் முள் இருந்தது, எங்கள் முதல் முயற்சியின் மிச்சம்.

இன்னொன்றைப் பிளந்தபோது தொண்டையில் புதுக் கிழிசல். ஆக, யாரோ விழுங்கிய மீனிலிருந்து முள்ளைப் பிடுங்கி, காசு கொடுக்காமல் சத்தமில்லாமல் உள்ளே விட்டிருக்கிறார்கள். யார் என்று தேடவில்லை. காசு விதி இருந்தால் இப்படியும் நடக்கும் என்பதை எழுதி வைக்கிறேன். இருந்தாலும் முள்ளின் வடிவத்துக்குச் சமமாக அந்தக் காசு விதியும் வேலை செய்தது என்பது என் கணிப்பு. முந்நூறு கிராம் குஞ்சுக்கு ஒருமுறை பணம் கட்டியவர் அடுத்த வாரம் வேப்ப மரத்தடிக்குப் போகவில்லை.

முழுப் பெருமையையும் முள்ளுக்குக் கொடுக்க முடியாது. மாசி பிறந்ததும் குளிர் விட்டது. வருகிறவர்கள் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. மீன்களும் வளர்ந்து, திரும்ப விட வேண்டிய அளவில் இருந்தவை குறைந்தன. ஒரே சமயத்தில் முள், இரை, கம்பு பிடிக்கும் முறை, காசு என்று நான்கை மாற்றினோம். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இளைஞர் ஒருவர் இந்தப் பேச்சுக்கெல்லாம் வெளியே நின்று ரப்பர் தவளைதான் போட்டுக்கொண்டிருந்தார். விரால் அதைக் கவ்வியதும் அவர் உடனே அடித்துவிடுவார், ரப்பரை மீன் விழுங்குவதில்லை. பெரும்பாலும் மேல் தாடையில் மாட்டியது. ஆனால் அதிலுள்ள இரட்டை முள் ஒருமுறை உள்ளிருந்து கண்ணைத் துளைத்துவிட்டது. அந்த முள்ளின் செதுக்கையும் அமுக்கச் சொல்லியிருக்கிறோம்.

மூத்தவர் பங்குனியில் திரும்பி வந்தார். வட்ட முள்தான் போடுகிறார். எண்ணுவதை மட்டும் விடவில்லை, பத்து மூன்றாகியிருக்கிறது.

மறுபடி செய்தால்

நோட்டை முதல் நாளிலிருந்தே போட்டிருப்பேன். டிசம்பரில் எத்தனை மீன் விட்டோம் என்பதே எனக்குத் தெரியாது, செத்தது மட்டும் தெரியும். ஒவ்வொரு மீனுக்கும் எங்கே மாட்டியது, ரத்தம் வந்ததா என்ற இரண்டு கேள்வி போதும்.

மிதந்ததை மட்டும் எண்ணியதும் சரியில்லை. மூழ்கியது, மற்ற விரால்கள் கடித்துத் தின்றது எல்லாம் கணக்கில் வரவில்லை. திரும்ப விடும் மீன்களைக் குஞ்சுப் பண்ணைக்காரர்கள் தண்ணீருக்குள் கட்டும் ஹாப்பா என்ற வலைத் தொட்டிக்குள் இரண்டு நாள் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

சுண்ணாம்புக்கும் உப்புக்கும் செலவு செய்வதற்கு முன் செத்த மீனை அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை, மூன்று வாரம் தள்ளிப்போட்டோம்.

வெயில் காலத்துக்கு ஒரு விதி சேர்த்திருக்கிறோம். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கு மேல் தூண்டில் இல்லை. மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், பாறையில் கிடத்தக் கூடாது. உடம்பு வழவழப்பு போனால் புண்நோய் உண்மையாகவே வரலாம்.

ஹாப்பா வலைக்கு நான்கு மூங்கில் ஊன்றியாகிவிட்டது. புதுக் குஞ்சு ஆடியில் வருகிறது.